என் மனைவியின் மாத்திரைப் பெட்டி

என் மனைவியின் மாத்திரைப் பெட்டியை நிரப்புவது பல வருடங்களாக என் பொறுப்பு. ஞாயிறு காலை காபி ஆனதும், கிழமைவாரியாகப் பிரித்த அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமலிருக்க என்று எடுத்துப் போடுவேன். அவள் எதையும் பார்க்கமாட்டாள். உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டு, தண்ணீர் குடிப்பாள்.

மயிலாப்பூரில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. முட்டி தேய்ந்தபின் அவள் கீழே இறங்குவதே அபூர்வமாகிவிட்டது. தேர் தெருமுனையைக் கடக்கும்போது பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பாள். எனக்குப் பொறுக்காது.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தவன். ஓய்வு பெற்ற பின்னும் ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பதை விடவில்லை. வயதான செல்கள் சில பிரிவதை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. இருந்த இடத்திலிருந்தே பக்கத்துத் திசுக்களைக் கெடுக்கும். அவற்றைக் கொல்லும் மருந்துகள் உண்டு, அவற்றால் கிழட்டு எலிகள் தெம்பு பெற்றன என்று படித்தேன். மனிதர்களிடம் நடந்த சோதனைகளோ சிறியவை, முடிவுகளும் தெளிவில்லை. மேலும் ஆய்வு தேவை என்று கட்டுரை முடியும்போதெல்லாம் லேப்டாப்பை அறைந்து மூடுவேன். யாருக்கு இருக்கிறது அவ்வளவு காலம்?

அவளிடம் சொன்னேன். "எலிக்கு நன்னா ஆச்சுன்னா எலிக்கே கொடுங்கோ. என்னை விட்டுடுங்கோ" என்றாள்.

அந்த மருந்துகளில் ஒன்று, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. பாலவாக்கத்தில் இருந்த என் தம்பி அதைத்தான் சாப்பிட்டுவந்தான். அவன் போனபின், மீந்த மாத்திரை அட்டைகளை அவன் மனைவி என்னிடம் தந்து, ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தால் வசதியில்லாத யாருக்காவது உதவும் என்றாள். நான் ஒப்படைக்கவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறன்று, திங்களுக்கும் செவ்வாய்க்கும் உரிய அறைகளில் அதையும் போட்டேன். ரத்தக் கசிவு வரலாம் என்று படித்திருந்தேன். அவளுடைய ஸ்டென்ட் மாத்திரையும் ஞாபகத்தில் இருந்தது. இரண்டே நாள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் முதலில் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. பயம்தான், வேறு காரணம் இல்லை.

புதன்கிழமை காலை அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்கினார்கள்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், ரத்தம் வந்துகினே கீது! பார்த்துகினு இருந்தா எப்டி? மூக்கை நல்லா அமுக்கிப் புடி!"

ஆழ்வார்பேட்டை மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒரு பெண். "புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?"

"அவரைக் கேளுங்கோ. காலேஜ்ல சொல்லிக்கொடுத்தவர். எல்லாம் அவர்தான் எடுத்துவைப்பார்." துணியை அழுத்திக்கொண்டு பேசிய அந்தக் குரலில் பெருமை இருந்தது.

"வழக்கமானதுதான்" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மூக்கில் பஞ்சு வைத்து அடைத்தார்கள். அதுவும் நனைந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்த டாக்டர், "சார், ஏதாவது சொல்ல விட்டுட்டீங்களா?" என்று மறுபடி கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. டாக்டர் திட்டவில்லை. மருந்தின் பெயரை என்னையே எழுதித் தரச் சொன்னார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில நாள் கழித்து வீடு திரும்பினோம். படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தானே ஏறுவதாகச் சொன்னாள். பின்னால் போன நான், அந்த நேரத்திலும் அவள் எந்தக் காலை முதலில் வைக்கிறாள், எங்கே நிற்கிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்ன, எலி ஏறறதான்னு பார்த்துண்டு வரேளா?" என்றாள், திரும்பாமலே.



இப்போது பெட்டியை அவளே நிரப்புகிறாள். கண்ணில் புரை. ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அரை மணி ஆகிறது. என்னைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவேன், அவள் கேட்பதில்லை. சில சமயம் ஒரு மாத்திரை கை தவறித் தரையில் உருளும். அவளால் குனிய முடியாது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. நான் எடுத்து நீட்டுவேன். வாங்கி, வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுகிறாள்.