சுவரில் பூத்த மஞ்சள்

போன வாரம் சட்டை தைக்கக் கொடுக்க அம்பத்தூரில் கஸ்தூரியின் தையல் கடைக்குப் போனேன். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மஞ்சள் திட்டு. அதற்கு ஊதுபத்தி, வேப்பிலை.

"என்னம்மா இது?"

"ஆத்தா வந்துகீறா சார். வெள்ளையடிச்சாலும் மறுபடி மஞ்சளா பூக்குறா. பில்டிங் ஓனரே தேங்கா ஒடச்சிட்டுப் போனாரு."

ஏன் உடைக்க மாட்டார்? ஆத்தா இருக்கும் சுவரை யாரும் இடிக்கச் சொல்ல மாட்டார்களே. அங்கே முன்பு குரோமியம் முலாம் பூசும் பட்டறை இருந்தது. தொட்டியிலிருந்து சிந்தியதைச் சுவரும் தரையும் வருஷக்கணக்கில் குடித்திருக்கின்றன. பட்டறை காலி செய்துகொண்டு போய்விட்டது. ரசாயனம் போகவில்லை. மழையில் ஈரம் ஏறினால் சுண்ணாம்பைத் தாண்டி வெளியே வரும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை... கஸ்தூரி தினமும் அதை விரலால் வழித்துத் தாலியில் வைத்துக்கொள்கிறாள். விரல் நுனியில் ஆறாத குழிப்புண்.

"ஆத்தா சோதிக்கிறா சார்" என்றாள். புண்ணுக்கு மருந்து? அதே மஞ்சள்தான்.

ரிட்டயர் ஆகும்வரை நானும் சோதித்தவன்தான் — அரசாங்க லேபில். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பழைய ஆபீசுக்கு போன் செய்தேன்.

"கழிவுநீர்னா சாம்பிள் எடுக்கலாம் சார். சுவருக்குப் புரொசீஜர் இல்லையே" என்றார், என் நாற்காலியில் இப்போது இருப்பவர்.

எனக்குத் தெரியாதா? ஓடுகிற தண்ணீரைத்தான் சட்டம் பிடிக்கும். சுவர் எங்கே ஓடுகிறது?

சரி, நாமே பார்ப்போம் என்று நண்பர் ஒருவரிடம் சோதனைத் திரவம் வாங்கிக்கொண்டு நேற்று போனேன். மஞ்சளைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் அமிலம் சேர்த்தேன்.

"இப்ப நிறம் மாறினா இது விஷம்னு அர்த்தம். கடையை வேற இடத்துக்கு மாத்திடணும். சரியா?"

"சரி சார்."

திரவத்தை விட்டேன். மாறியது. கருஞ்சிவப்பாக, பளிச்சென்று.

கஸ்தூரியின் கண் கலங்கிவிட்டது. "குங்குமம் சார்..."

"விஷம்மா."

"விஷத்த முழுங்கிட்டு கழுத்துல வச்சிக்கினவரு யாரு சார்? ஆத்தா ஊட்டுக்காருதான?"

சோதனைக் குழாயைப் பார்த்துக் கும்பிட்டாள். கூப்பிய விரலில் அந்தப் புண்.

சர்வீஸில் என் ரிசல்ட்டை மறுத்துச் சண்டைக்கு வந்தவர்கள் நிறைய. எல்லோரையும் சமாளித்துவிட்டேன். கும்பிடுகிறவளிடம் என்ன வாதாடுவது?