ஒரே ஒரு தட்டு

காலையிலிருந்து என் கணவர் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருக்கிறார். "பெட்ரோல் குழாய் அடைச்சிருக்கு, பாருங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. அவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கிறார். பெட்ரோல் வாசனை கூடம்வரை வருகிறது. அதோடு அப்பாவின் நினைவும் வந்துவிடுகிறது.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் அப்பா வைண்டிங் டிரைவர். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ், அந்த இரும்புக் கூண்டு, அவர் கையில். கீழே இருப்பவர்களை அவரால் பார்க்க முடியாது. அவர்கள் தட்டி மணி ஒருமுறை அடித்தால் அந்தக் கணமே நிறுத்தியாக வேண்டும். வீட்டில் அவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள், அதன் பின்னால் அவரே இரும்பில் அடித்துச் செய்த டிரெய்லர். அம்மாவும் நானும் அதில்தான் உட்கார்ந்து போவோம்.

பங்காருபேட்டை போகும்போதெல்லாம் டிரெய்லர் தள்ளாடும். "பின்னால இன்னாமோ ஆடுதுங்க, நிறுத்துங்க" என்று அம்மா கத்துவாள். "எஞ்சின்லதான் கோளாறு, நீ சும்மா இரு" என்பார் அப்பா. வீடு திரும்பியதும் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவார். அடுத்த முறையும் ஆடும்.

ஒருநாள் இறக்கத்தில் ஆட்டம் தாங்கவில்லை. கத்தி ஓய்ந்த அம்மா, காலடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து டிரெய்லர் இரும்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அந்தக் கணமே அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கி வந்து பார்த்தார். டிரெய்லரை வண்டியோடு பிணைக்கும் ஆணி முக்கால்வாசி வெளியே வந்திருந்தது.

"கேஜ்ல இருக்கறவங்க தட்டினா மட்டும் ஒடனே கேக்குது. நாங்க இன்னா, கல்லு மூட்டையா?" என்றாள் அம்மா. அப்பா அவள் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி ஆணியை உள்ளே அடித்தார்.

இப்போது நானும் ஸ்பேனரை எடுத்து இரும்புக் கேட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

இவர் பேங்கில் வேலை பார்த்தவர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.