தண்ணீர் கேட்காத பெண்ணும் சென்னை ஓட்டல்களும்

பிளஸ் டூ பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியருக்கு மற்றதெல்லாம் சுலபம், அவர்களுக்குப் பிடித்த ஓட்டலைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. நீங்களும் கூட்டிப்போயிருந்தால் என் பாடு புரியும். மியூசியத்தில் கொட்டாவி விட்டபடி வரும் கும்பல், சாப்பாடு என்றதும் விழித்துக்கொண்டு குறை சொல்ல ஆரம்பிக்கும். ஆம்பூரில் வணிகவியல் நடத்துகிறேன். வருஷா வருஷம் சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில்தான் விழுகிறது.

பிரியாணி என்ற தப்பு

முதல் வருஷம் எனக்கு விவரம் பத்தவில்லை. பிரியாணி என்றால் உயிரை விடுகிற பிள்ளைகளாயிற்றே என்று, பேர்போன பிரியாணிக் கடையில் இடம் சொல்லி வைத்தேன். ஆம்பூர்ப் பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கித் தருவது எவ்வளவு பெரிய தப்பு என்பது பரிமாறிய பிறகுதான் தெரிந்தது. அரிசி ஏன் இவ்வளவு நீளம் என்றான் ஒருவன். எங்கள் ஊர் வழக்கப்படி தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கிடையாது என்று தெரிந்ததும் எல்லார் முகமும் தொங்கிப்போனது. பாவம், சர்வர் என்ன செய்வார்? எழுந்து வரும்போது ஒருவன் அவர் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னான்: "பரவால்லண்ணா. ஒருவாட்டி ஆம்பூர் வாங்க."

அப்பாவின் நிபந்தனை

இந்த வருஷம் எனக்கு வேறு கவலை. கௌசல்யா நன்றாகப் படிக்கிற பெண், சென்னையில் பி.காம். சேர வேண்டும் என்று ஆசை. ஆனால் வாய் திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். பதிலை நோட்டில் எழுதிக் காட்டுவாள். அவள் அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறார், அம்மா வெளிநாட்டுக்கு அனுப்பும் ஷூ கம்பெனியில் தைக்கிறார். சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போட வந்த அப்பா வெகுநேரம் தயங்கினார். மகளை அனுப்ப மனசில்லாதவர் இல்லை, பயம்தான். ஒரு வழியாகச் சொன்னார்: "ஓட்டல்ல தண்ணி வேணும்னாகூட எங்க காதுலதான் சொல்லுவா மேடம். இவளை எப்டி மெட்ராஸ்ல வுடறது? நீங்களே பாத்துட்டு வந்து சொல்லுங்க. தெரியாத ஆளுகிட்ட அவளா வாயைத் தொறந்து பேசினான்னா காலேஜுக்கு அனுப்பறேன்."

பேச வேண்டாத கடை

பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கட்டும் என்று மதியத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது ஒரு பர்கர் கடை. ஒவ்வொருத்தராகப் போய் ஆர்டர் சொல்ல வேண்டும், கௌசல்யாவும் பேசித்தானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு. போய்ப் பார்த்தால் ஆர்டர் எடுக்க மனிதரே இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு திரை, தொட்டுத் தொட்டுக் கேட்க வேண்டியதுதான். தண்ணீருக்கும் அதில் படம் இருந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கௌசல்யா தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்: "சூப்பர் கடை மிஸ். யார்கிட்டயும் பேசவே தேவையில்ல."

வாசலில் கழற்றிய ஷூ

சாயங்காலம் போன கடையில் தரையில் மெத்தை போட்டு, குட்டை மேசையில் நூடுல்ஸ் தருவார்கள். வாசலிலேயே ஷூவைக் கழற்ற வேண்டும். நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன், பின்னால் ஒருவரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் மொத்தக் கும்பலும் ஷூ வைக்கும் அலமாரி முன் குந்திக்கொண்டு, யார் யாருடைய ஷூவையோ கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது தோல் வேலை பார்ப்பவர். ஷூவைக் கண்டால் அடியையும் தையலையும் பார்க்காமல் கை நிற்காது. இதைச் சென்னைக்காரர்களுக்கு எப்படி விளக்குவது?

கௌசல்யா ஒரு பழுப்பு நிற ஷூவின் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். அதற்குச் சொந்தக்காரியான இளம்பெண் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தாள். என் ஷூவை ஏன் எடுத்தாய் என்று முகத்தைச் சுளித்துக் கேட்டாள். எழுந்து ஓடப் பார்த்தேன், வாய் வரைக்கும் வந்த பதிலை அடக்கிக்கொண்டேன். கௌசல்யா தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா, இது எங்கம்மா தைக்கிற மாடல். பொட்டிக்குள்ள போறதைத்தான் அவங்க பாத்துருக்காங்க, யாரும் போட்டு நடந்து பாத்ததில்ல. கொஞ்சம் நடந்து காட்றீங்களா? போன்ல எடுத்துக்கறேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பியது என்றாள். ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. போனைப் பிடித்தபடியே கௌசல்யா இன்னொன்றும் கேட்டாள்: "கால் கடிக்குதாக்கா? எங்கம்மா கேப்பாங்க."

ஸ்டேஷனில்

ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கியபோது கௌசல்யாவின் அப்பாவும் அம்மாவும் காத்திருந்தார்கள். வீடியோ எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அம்மா அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், ஷூவை மட்டும். எனக்குப் பொய் சொல்ல மனமில்லை. நாள் முழுக்க உங்கள் மகள் ஒருவரிடமும் தண்ணீர் கேட்கவில்லை என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"முன்னபின்ன தெரியாதவங்களை நடந்து காட்டச் சொல்லிக் கேட்டுருக்கா. தாகம் எடுத்தா தண்ணி கேக்காமயா பூடுவா? எந்தக் காலேஜுன்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

அடுத்த சுற்றுலாவுக்கும் ஓட்டல் பார்க்கும் வேலை என் தலையில்தான் விழுந்திருக்கிறது. வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்லும் கடையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.