பிக்கப்பை மெலிய வைத்த மனிதர்

என் கணவர் அந்தப் பிக்கப்பை வாங்கியதற்கு ஒரு காரணமும் இல்லை. அவர் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் மேசைக்கு முன்னால் இருந்து வேலை செய்பவர். மரம் ஏற்றுவதில்லை, மண் ஏற்றுவதில்லை, படகு இழுப்பதில்லை. மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு வாசலில் அதை நிறுத்தினால் பின்பக்கம் நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிற தாய்மார் வீதியில் இறங்கிச் சுற்றிப் போவார்கள். முதல் வருடத்தில் அது ஏற்றிய பெரிய பாரம் எங்கள் பழைய மெத்தை. மற்ற நாட்களில் அவரை மட்டும் ஏற்றியது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை உண்டு. நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் பெற்றோல் குடிக்கிறது என்று அதில் ஓர் எண் வரும். எங்களுடையது பதினாறில் நின்றது. அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை, பிறம்ரனில் இருக்கும் அவருடைய நண்பர் அதே பிக்கப்பில் தனக்குப் பதினான்குதான் வருகிறது என்று சொல்லும்வரை. அன்றிலிருந்து அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்க்கத் தொடங்கினார். யாரோ ஒருவன் ரயரில் காற்றைக் கூட்டச் சொன்னான், கூட்டினார். அதற்குப் பிறகு வீதியில் ஒரு சின்ன வெடிப்பு வந்தாலும் என் பல் அடித்தது. இன்னொருவன் பின்கதவைக் கழற்றினால் காற்றுத் தடை குறையும் என்றான், கழற்றினார். பிறகு பெற்றோல் குழாயில் காந்தத் துண்டுகளைக் கட்டினார். காந்தம் பெற்றோலின் மூலக்கூறுகளை வரிசைப்படுத்துமாம். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த மனிதர் இதை எனக்கு விளங்கப்படுத்தியபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுவதை நிறுத்தவில்லை.

கடைசியில் எடையில் வந்து நின்றார். கால்விரிப்புகள் போயின. பின் இருக்கை போனது. பனி அள்ளும் சவள் போனது. ஜாக் போனது. அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்பெயர் ரயரையும் இறக்கிக் கராஜில் சாத்தினார். இத்தனைக்கும் பிறகு எண் பதினைந்து தசம் எட்டுக்கு வந்தது. அதைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினார்.

அவர் வண்டி ஓடுகிற விதத்தை மட்டும் எந்த வீடியோவும் மாற்றவில்லை. பச்சை விழுந்தால் யாரோ தன் காணியைப் பிடிக்க ஓடுவதுபோல அக்ஸிலரேற்றரை அமத்துவார். அடுத்த சிவப்பில் பிரேக்கை மிதித்து நிற்பார். 401 நெடுஞ்சாலையில் நூற்றிமுப்பதுக்குக் குறைந்தால் அவருக்கு மூச்சு முட்டும். கொஞ்சம் ஆறுதலாக ஓடிப் பார்த்தால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன்.

"உமக்கு உதுகள் விளங்காது," என்றார். "இது இஞ்சின் விஷயம்."

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை காலை அந்த நண்பர் வீட்டுக்குப் பிறந்தநாள் விருந்துக்குப் புறப்பட்டோம். என் மடியில் ஒரு தட்டுக் கட்லட். 401இல் பாதி வழியில் பின் ரயர் ஒன்று காற்றுப் போய் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. வீதியோரத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனவர், சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து இருந்து, வண்டி இழுக்கிற ஆளுக்குப் போன் அடித்தார். ஸ்பெயர் எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் நான் கேட்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் இருந்தோம். பெரிய லொறிகள் போகும்போதெல்லாம் பிக்கப் ஆடியது. எனக்கு அப்போது கோபம் வரவில்லை. கோபம் என்றால் கொஞ்ச நேரத்தில் ஆறும். எனக்கு வந்தது ஆறுகிற சாமான் இல்லை. பக்கத்தில் இருந்த மனிதரைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக இவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறேனே என்று என்மீதும் எனக்கு இளப்பமாக இருந்தது.

வண்டி இழுக்க வந்த ஆள் முதலில் ஸ்பெயர் எங்கே என்று கேட்டான். வீட்டில் என்றார் இவர். ஏன் என்று கேட்டான். இவர் எடை, காற்றுத் தடை, லீற்றர் என்று ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார். அவன் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, குளிராக இருந்தால் தன்னுடைய லொறிக்குள் வந்து இருக்கலாம் என்றான். கட்லட் தட்டோடு போய் ஏறினேன். அவனுக்கு இரண்டு கட்லட் கொடுத்தேன்.

அடுத்த நாள், எவரையும் உதவிக்குக் கூப்பிடாமல் ஸ்பெயர் ரயரைத் தானே திரும்ப மாட்டப் போனார். அது கைநழுவி விழுந்து வலது மணிக்கட்டை முறித்தது. டொக்டர் ஆறு கிழமைக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டார். என்னுடைய சின்னக் காரை வேறு நகரத்தில் படிக்கும் மகள் கொண்டுபோயிருந்தாள். ஆகவே, அதுவரை என்னைத் தொடவிடாத பிக்கப்பின் திறப்பு என் கைக்கு வந்தது.

நான் எதுவும் புதிதாகச் செய்யவில்லை. ரயரில் காற்றை அளவுக்குக் குறைப்பித்தேன், பின்கதவைப் பூட்டுவித்தேன், இருக்கையைத் திரும்பப் போடுவித்தேன். பிறகு இருபது வருடம் சின்னக் காரை ஓடியதுபோலவே ஓடினேன். தூரத்தில் சிவப்பைக் கண்டால் காலை எடுத்தேன். 401இல் மெதுவாகப் போகிற வலது பக்கத்தால் நூறில் போனேன். இவர் பக்கத்தில் இருந்து, பின்னால் வருகிறவன் என்ன நினைப்பான் என்று நெளிந்தார். மூன்றாம் கிழமை எண் பன்னிரண்டு தசம் நான்கில் நின்றது.

"மீற்றர் பழுதாப் போச்சு," என்றார்.

வாகனம் திருத்துகிற கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். மெக்கானிக் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்றார். வரும் வழியில் இவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் அதைக் குத்திக் காட்டவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் அவரைப்போல ஆகியிருப்பேன்.

மாவுக்கட்டு வெட்டுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குப் போக முடியாத வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனோம். முன்னறையில் ஐந்தாறு ஆண்கள் இருந்தார்கள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது, பன்னிரண்டு தசம் நான்கு என்று என் கணவர் சொல்வது கேட்டது. எப்படி என்று நண்பர் கேட்டார். காந்தம்தான், ஆனால் வேலை செய்யத் தொடங்கக் கொஞ்ச நாள் எடுக்கும் என்றார் இவர். எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டு ஒருவர் போனில் குறிக்கத் தொடங்கினார்.

"அது நான் ஓடினபடியால் வந்தது," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று நினைத்துத்தான் சிரித்தார்கள். நண்பர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, உம்மட மனுசனுக்கு விட்டுக்குடுக்க மாட்டீர் போல," என்றார். இவரும் சேர்ந்து சிரித்தார். கடை விலாசம் கேட்டவர் இன்னும் போனைக் கையில் பிடித்தபடியே இருந்தார். அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தேன். எஞ்சினியர் ஒருவர், கணக்காளர் ஒருவர், பாடசாலையில் படிப்பிக்கிறவர் ஒருவர். தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

திரும்பும்போது இவர் வயிறு நிறையச் சாப்பிட்டு, வாயைத் திறந்தபடி நித்திரையானார். நல்ல வெயில். 401இல் வாகனம் குறைவு. எதற்கென்று தெரியாது, இடது பக்கத்துக்கு மாறி, காலை முழுதாக அமத்தினேன். அந்த இஞ்சின் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நூற்றிமுப்பது, நூற்றிமுப்பத்தைந்து. உயரத்தில் இருந்து மற்றக் கார்களின் கூரைகளைப் பார்த்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்திருந்தது. அது பிடித்திருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் இரண்டு எக்ஸிற் பாதைகளைத் தாண்டும்வரை காலை எடுக்கவில்லை.