டிக்கியில் வாரியல் வைத்திருந்தவர்

விமானத்துக்கு நேரமாகிவிட்டது. எங்கள் அஞ்சுகிராமம் தெருவில் சாலை போடுவதற்காகச் சரளைக்கல் பரப்பியிருந்தார்கள். மை பூசிய மீசையும் வெள்ளைச் சட்டையுமாக வந்த டாக்சிக்காரர், என் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு ஒரு வாரியலை வெளியே எடுத்தார். காருக்கு முன்னால் குனிந்து கல்லை எல்லாம் பெருக்கித் தள்ளத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, பிளேன் போயிரும்!"

"ஆப்பிரிக்காவுல சின்னப் பிளேன் எறங்குத சரளைத் தரையைத் தூத்துக் குடுத்தவன் சார் நான். கல்லுமேல நின்னுக்கிட்டு எஞ்சினை முறுக்கினா, முன்னால சுத்துத விசிறி கல்லை உறிஞ்சி எடுக்கும். அந்தக் கல்லு விசிறியையே கொத்திப் போடும், கேட்டியளா? மெதுவா உருள விட்டு, பொறவுதான் முறுக்கணும்."

"காருக்கு முன்னால விசிறி இல்லையே?"

"பழக்கம் போயிரப்பிடாதுல்லா? வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்க."

வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினேன். தார் ரோடு வந்த பிறகுதான் எஞ்சினை உயிர்ப்பித்தார். மார்த்தாண்டம் பாலம் ஏறும்போதுதான் எனக்குப் பேச மூச்சு வந்தது.

"அந்தச் சின்னப் பிளேன்ல நீங்க போயிருக்கியளா?"

கண்ணாடி வழியாக என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நானா? எனக்கு லாரிதான். கல்லுல எறங்குத பிளேன்ல வெவரமுள்ளவன் ஏறுவானா சார்?"

விமானத்தைப் பிடித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எந்த விமானத்தில் உட்கார்ந்தாலும், ஜன்னல் வழியாக ஓடுபாதையைப் பார்க்கும்போது ஒரே சந்தேகம்தான்: இதைப் பெருக்கியவர் ஊருக்கு எதில் போவார்?