பஸ் நிறுத்தத்துப் பெட்டி

ஆக்லாந்தில் பஸ் புஸ்ஸென்று சத்தமிட்டுத் தரையோரம் தாழ்ந்தது. ஊன்றுகோலோடு நின்ற கிழவர் சிரமமில்லாமல் ஏறினார். இங்கே பஸ்ஸே குனிகிறது.

ஃபிஜியில், லோவுவில், எங்கள் பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்குவார்கள். முதல் படி முழங்காலுக்கு மேலே இருக்கும். கால் சரியில்லாத பக்கத்து வீட்டுப் பத்மா அக்கா ஏறுவதற்காக, அப்பா நிறுத்தத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். கரும்பு வெட்டப் போகிறவர்களும் அதில் மிதித்துத்தான் ஏறுவார்கள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம், அங்கிருந்த இந்தியர்கள் பலரையும் போல நாங்களும் நியூசிலாந்துக்குக் கிளம்பினோம். எனக்குப் பன்னிரண்டு வயது. பாத்திரங்கள் வைக்க இடம் போதாமல், நிறுத்தத்திலிருந்த அந்தப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

"அது ரோட்டுக்கு உள்ளது, அங்கயே வெச்சிடு," என்றார் அப்பா.

"எல்லாரும்தான் போறாங்களே. இனி யாரு ஏறப் போறா?" என்றேன்.

பத்மா அக்கா எங்கும் போகவில்லை. அந்தப் பெட்டியைக் கட்டக் கயிறு கொண்டுவந்து கொடுத்தது அக்காதான்.