நான்காவது மேடையில் நின்றவள்

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை முடிகிற நேரம், சிட்னி நகரத்துக்குள் இருக்கும் ஒரு தனியார் ஓவியக் கூடத்தில் இது நடந்தது. அன்று சனிக்கிழமை. விருந்துகளில் பரிமாற ஆட்களை அனுப்புகிற ஒரு நிறுவனத்தில் நான் வார இறுதிகளில் வேலை செய்துகொண்டிருந்தேன். கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சேட்டு, கையில் ஒரு தட்டு, முகத்தில் சிரிப்பு. கணவருக்கு முதுகில் அடிபட்டு அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த காலம் அது. அடுத்த மாதத்திலிருந்து என்னை நிரந்தரமாக்கி சூப்பர்வைசராகப் போடுவதாக மனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனான வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறும்போது நல்ல சந்தோசத்தில்தான் இருந்தேன்.

கூடத்தில் ஒரு கண்காட்சியின் திறப்பு விழா. ஐரோப்பியர் அமெரிக்காவில் போய் இறங்கிய காலம் தொட்டு, அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்களை வரைந்த பழைய ஓவியங்களும் அச்சுப் படங்களும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ‘செவ்விந்தியர்’ என்று படித்தோமே, அந்தச் சனங்கள்.

நான் போனபோது மனேஜர் கூடத்தின் சமையல் குசினியில் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார். அவர் வெள்ளைக்காரப் பெண். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்து தருகிற ஆள். அன்று ஒரு புதுத் திட்டம் வைத்திருந்தார். வாசலில் நாலு சின்ன மேடைகள். எங்களில் நாலு பெண்கள் நாலு கண்டங்களாக வேடம் போட்டு நின்று விருந்தினரை வரவேற்க வேண்டும். உள்ளே தொங்குகிற ஒரு பழைய படத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். ஐரிஷ் பிள்ளைக்குக் கிரீடமும் பட்டு அங்கியும் கொடுத்து அவளை ஐரோப்பா ஆக்கினார். வியட்நாம் பிள்ளைக்கு ஒரு தூபக்கால், அவள் ஆசியா. எத்தியோப்பியப் பிள்ளைக்கு யானைத் தலை மாதிரி ஒரு தொப்பி, அவள் ஆபிரிக்கா. கடைசிப் பெட்டியை என்னிடம் நீட்டினார். தோல் நிறத்தில் உடம்போடு ஒட்டுகிற ஒரு உடுப்பு. அதற்கு மேல் இறகுப் பாவாடை, இறகுக் கிரீடம், கையில் ஒரு வில். காலடியில் வைப்பதற்கு, வெட்டிய மனிதத் தலை மாதிரி ஒரு பொம்மை.

“நீர் இந்தியன்தானே, அமெரிக்காவுக்கு நீர்தான் பொருத்தம்,” என்றார்.

நான் இலங்கையிலிருந்து வந்தவள் என்றேன். அந்த ‘இந்தியன்’ வேறு, இந்த இந்தியன் வேறு, நான் இரண்டும் இல்லை என்றும் சொன்னேன். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று சிரித்தார். வழி தவறி வேறொரு கரையில் போய் இறங்கிய ஒரு மாலுமி, அதுதான் இந்தியா என்று நினைத்துச் சொன்ன பிழை, ஐந்நூறு வருடம் கழித்து என் தலையில் இறகாக வந்து இறங்கியது.

உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் பெட்டியை வாங்கிக்கொண்டு, அந்தப் படத்தை ஒருதரம் பார்ப்போம் என்று உள்ளே போனேன்.

படத்தில் நாலு பெண்கள். ஐரோப்பா முடி சூடி உயரத்தில் இருக்கிறாள். ஆசியா நிறைய உடுத்தியிருக்கிறாள். ஆபிரிக்காவுக்கு அரைகுறை உடுப்பு. கடைசியில் அமெரிக்கா, உடம்பில் இறகைத் தவிர ஒன்றும் இல்லாமல், வெட்டிய தலையை மிதித்துக்கொண்டு நிற்கிறாள். வரைந்தவர் கடல் தாண்டியே போகாதவர் என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

எதிர்ச் சுவரில் இன்னொரு ஓவியம். அதில் இருந்தவள் இறகு வைக்கவில்லை. பூவேலை செய்த சட்டை போட்டு, ஒரு பழக்கூடையோடு நின்றாள். சுற்றி வரைந்திருந்த ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு எழுத்துப் போட்டு, கீழே அந்தப் பழத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். அவளுக்கும் ஒரு எழுத்து இருந்தது. அதற்கு நேரே ‘இந்தியப் பெண்’ என்று மட்டும் போட்டிருந்தது. பழங்களுக்கெல்லாம் பெயர் இருக்க, அவளுக்கு இல்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு என்னுடைய பழைய படம் ஒன்று ஞாபகம் வந்தது. போர் முடிந்த கையோடு நான் முகாமில் இருந்தவள். ஒருநாள் தண்ணீர் வரிசையில் நின்று நாங்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தபோது கமராவோடு ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். சிரிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். நானும் நிறுத்தினேன். பல வருடம் கழித்து அந்தப் படத்தை இங்கே ஒரு சஞ்சிகையில் கண்டேன். கீழே என் பெயர் இல்லை, ‘அகதிப் பெண்’ என்று இருந்தது. எங்களைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்ல அவர் யார் என்ற கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பின்பக்க ஒழுங்கைக்குப் போய்க் கணவருக்கு ஃபோன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உமக்கு ஏலாதெண்டா ஏலாதுதான்,” என்றார். பிறகு, “ஆனா அந்த சூப்பர்வைசர் வேலை...” என்று இழுத்தார்.

திரும்பி வந்து பெட்டியை மேசையில் வைத்தேன். “நான் இதைப் போடமாட்டன்,” என்றேன். கை நடுங்கியது, குரலும்தான். மனேஜரின் முகம் மாறியது. ஒரு பின்னேரத்துக்குத்தானே, எல்லோரும் போடுகிறார்களே, உன்னைப் பெரிய பொறுப்புக்கு யோசித்திருந்தேனே என்றார். நான் திரும்பவும் அதே வசனத்தையே சொன்னேன்.

அப்போது குசினியில் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்த இன்னொருத்தியைப் பார்த்து, “அப்ப நீர் போடும்,” என்றார் மனேஜர். அவள் பொலிவியா நாட்டுக்காரி, அங்குள்ள மலைகளின் பூர்வகுடி. பகலில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு வார இறுதியில் எங்களோடு வேலை செய்தாள். மனேஜர் அவளைப் பிலிப்பைன்ஸ்காரி என்றே நினைத்திருந்தார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மனேஜரிடம், “ஓம், நான் நிக்கிறன். காரிலை ஒரு சாமான் எடுக்க வேணும்,” என்று சொல்லிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனாள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எந்தச் சனங்களைக் கேவலப்படுத்துகிற வேடம் என்று நடுங்கி நடுங்கி மறுத்தேனோ, அந்தச் சனத்துப் பெண்ணே அதைப் போடப் போய்விட்டாள் என்று நினைத்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனேன். விருந்தினர் வரத் தொடங்கிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். நான்காவது மேடையில் அவள் நின்றாள். அடுக்கடுக்காக விரிந்த ஊதா நிறப் பாவாடை, தோளில் குஞ்சம் தொங்குகிற சால்வை, இரட்டைப் பின்னல், தலையில் சற்றுச் சரிந்த வட்டத் தொப்பி. அவளுடைய தாயும் சகோதரிகளும் சந்தைக்குப் போகிற உடுப்பு அது. சிட்னியில் தன் நாட்டு ஆட்களோடு ஆடுகிற நடனக் குழுவுக்காகக் காரில் வைத்திருந்தாளாம். இறகுப் பெட்டி காரிலேயே பூட்டிக் கிடந்தது.

நான் கிட்டப் போனபோது வாய்க்குள் சிரித்தபடி சொன்னாள்: “எங்கட அம்மாவின்ர ஊர் மலைக்கு மேல. அந்த இறகோட அங்க நிண்டா, ஒருத்தி விறைச்சே செத்துப் போவாள்.”

மனேஜர் ஓடி வந்தார். இறங்கு என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் அசையவில்லை. மனேஜர் அவளின் கையைப் பிடிக்கப் போக, நான் தட்டோடு நடுவில் போய் நின்றேன். “அவவைத் தொடாதேங்கோ,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். என்ன விளங்கியதோ, அவர் கையை எடுத்தார். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கூடத்தின் பொறுப்பாளர் வந்து, இது எந்த வேடம் என்று கேட்டார். “வேஷம் இல்லை. என்ர உடுப்பு,” என்றாள். மதுக் குவளையோடு நின்ற ஒரு கனவான், உண்மையாகவே தெரியாமல்தான், இறகு வைத்த பெண் எப்போது வருவாள் என்று கேட்டார்.

அவள் கீழே குனிந்து அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: “அவ வரமாட்டா. அப்பிடி ஒருத்தி ஒருநாளும் இருந்ததில்லை.”

ஒருவரும் கைதட்டவில்லை. சிலர் சங்கடத்தோடு படங்களைப் பார்க்கத் திரும்பினார்கள். எத்தியோப்பியப் பிள்ளை மட்டும் பலமாகச் சிரித்தாள். யானைத் தொப்பியைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, தன் தலைமுடியைக் கையால் கோதிச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றாள். மற்ற இரண்டு பேரும் வேடத்தோடு நின்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு இருந்த அதே பயம் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

இத்தனை விருந்தினருக்கு முன் மூன்று பேரோடு மல்லுக்கட்ட மனேஜரால் முடியவில்லை. விழா முடியும்வரை அவள் நின்றாள். நான் பரிமாறினேன். அவளிடம் வந்து பேசியவர்களில் இரண்டொருவர் உள்ளே போய் அந்தப் பழக்காரியின் ஓவியத்துக்கு முன் நெடுநேரம் நின்றதைக் கண்டேன்.

பாத்திரங்களை அடுக்கும்போது மனேஜர் குசினிக்கு வந்து, இனி எங்கள் இருவரையும் கூப்பிடப் போவதில்லை என்றார். நாங்கள் மேலுடுப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். அவள் அந்தப் பாவாடையோடேயே கார் ஓட்டிக்கொண்டு என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். கணவர் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. “வேலை போயிட்டுது,” என்றேன். “சரி, வாரும். சாப்பிட்டனீரே?” என்றார்.

அடுத்த கிழமை கூடத்தின் இணையப் பக்கத்தில் விழாப் படங்கள் வந்தன. நான்காவது மேடைப் படத்துக்குக் கீழே ‘அமெரிக்கா’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவள் அதற்குக் கீழே கருத்துப் பகுதியில் தன் முழுப் பெயரையும், தாயின் பெயரையும், ஊரின் பெயரையும் எழுதினாள். அதை எடுத்துவிட்டார்கள். திரும்ப எழுதினாள். திரும்பவும் எடுத்தார்கள். மூன்றாம் தரம் அவளுக்கு முதல் நான் எழுதினேன். பிறகு எத்தியோப்பியப் பிள்ளை. கடைசியில் களைத்துப்போனது அவர்கள்தான். இப்போது அந்தப் படத்துக்குக் கீழே அவளுடைய பெயர் இருக்கிறது.

அந்த சூப்பர்வைசர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. வேறு வேலை கிடைக்கப் பல மாதம் கஷ்டப்பட்டோம், அதை மறைக்க மாட்டேன். பயம் இப்போதும் எனக்கு உண்டு. ஆனால் கை நடுங்க நடுங்கவும் ‘மாட்டன்’ என்று சொல்லலாம் என்பது அன்று எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அதை ஒருவராலும் என்னிடமிருந்து பறிக்க ஏலாது.